பாட் தாயா, பாட் சீ யூவா? வீட்டு அடுப்புக்கு ஏற்ற தாய் அரிசி நூடுல்ஸ் எது?

பாங்காக் போய்வந்தவர்களும், ஊரிலேயே ஒரு தாய் உணவகத்தில் நல்ல தட்டு ஒன்றைச் சாப்பிட்டவர்களும் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் செய்து பார்க்க ஆசை, எதில் தொடங்கலாம்? கேட்கும்போதே பலருக்கு மனத்துக்குள் பதில் இருக்கும். எது மிகவும் பிடித்ததோ அதையே செய்யப் போகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தாய்லாந்தின் வதக்கிய அரிசி நூடுல்ஸ் வகைகளில் நாக்கைக் கேட்பதற்கு முன் அடுப்பைக் கேட்க வேண்டும். அடுத்தபடியாகப் பக்கத்துக் கடையைக் கேட்க வேண்டும்.

போட்டியில் இருப்பவை நான்கு. புளியும் வெல்லமும் மீன் சாஸும் சேர்ந்த பாட் தாய். அகல நூடுல்ஸைச் சோயா சாஸில் லேசாகக் கருக்கி எடுக்கும் பாட் சீ யூ. மிளகாயும் துளசியும் தூக்கலாக இருக்கும் பாட் கீ மாவ். நான்காவது ராட் நா: கருக்கிய நூடுல்ஸின் மேல் கெட்டியான குழம்பை ஊற்றித் தருவது. கடைசியாகச் சொன்னதை யாரும் கேட்பதில்லை. ஆனால் சில வீடுகளுக்கு அதுதான் சரியான விடை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல் சூடு. உணவகத்தின் வாணலி அடுப்பு, வீட்டு எரிவாயு அடுப்பைப்போல் பத்து மடங்கு வரை சூட்டைத் தரக்கூடியது. அந்தத் தீயில் நூடுல்ஸின் ஈரம் விழுந்த கணத்தில் ஆவியாகிப் போகும். வீட்டில் அதே ஈரம் வாணலிக்குள் தங்கி, வதங்க வேண்டியதை வேகவைத்துவிடும். எந்தப் பதார்த்தம் இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளும், எது பொறுக்காது என்பதில்தான் பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

இரண்டாவது, நூடுல்ஸ். உலர்ந்ததா, அன்றைக்குச் செய்த ஈரமானதா? தமிழ்நாட்டு சூப்பர் மார்க்கெட்டுகளில் பெரும்பாலும் உலர்ந்ததுதான் கிடைக்கும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குவே தியாவ் எனப்படும் ஈரமான தட்டை அரிசி நூடுல்ஸ் சந்தையிலேயே இருக்கிறது. லண்டன், டொராண்டோ வாசிகள் சீன, வியட்நாமியக் கடைகளுக்குப் போனால் கிடைக்கும். சேவையும் இடியாப்பமும் இந்தக் கணக்கில் சேரா. அவை முன்பே வெந்தவை, இழை மெல்லியவை. சாஸ் ஊற்றிப் புரட்டினால் உதிர்ந்து உப்புமாவாகிவிடும்.

மூன்றாவது, பாட்டில்களும் பொட்டலங்களும். ஒரு தட்டுக்கு வேண்டியது ஒரு கரண்டி. வாங்க வேண்டியதோ ஒரு பாட்டில். மீதியை என்ன செய்வோம் என்று வாங்கும் முன்பே யோசிப்பது நல்லது. நான்காவது, எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்பது. ஐந்தாவது, சாப்பிடுவோர் யார் என்பது: சைவமா, காரம் ஆகாத குழந்தைகளா, வேர்க்கடலை அல்லது கோதுமை ஒவ்வாதவர்களா?

## பாட் தாய்: தீ குறைவு, கடைப்பட்டியல் நீளம்

பாட் தாய் தள்ளுவண்டியில் வளர்ந்த உணவு. சியாம் 1939இல் தாய்லாந்து என்று பெயர் மாறிய காலத்தில் பிரதமராக இருந்தவர் பிபூன் சோங்கிராம். மக்கள் நூடுல்ஸ் சாப்பிடுவதை அவருடைய அரசு ஊக்குவித்தது. பாட் தாய் நாடெங்கும் பரவியது அந்த அலையில்தான். தெருவோரங்களில் இன்றும் இதைப் பெரிய, ஏறக்குறையத் தட்டையான வாணலியில் செய்வதைப் பார்க்கலாம். தீ நாக்கு வாணலிக்குள் எட்டிப் பார்க்கும் வித்தையெல்லாம் இதற்குத் தேவையில்லை. நூடுல்ஸ் கருகுவதால் வரும் ருசி அல்ல இது; புளிக்கரைசல், மீன் சாஸ், வெல்லம் மூன்றும் சேர்ந்த சாற்றை நூடுல்ஸ் உறிஞ்சி, சாறு வற்றி, இழைமேல் பூச்சாகப் படிவதால் வரும் ருசி. நடுத்தரத் தீயிலும் அது நடக்கும்.

உலர்ந்த நூடுல்ஸே இதற்கு முறையானது என்பது இன்னொரு வசதி. 3 முதல் 5 மில்லிமீட்டர் அகலத்தில் வருவதை வாங்க வேண்டும். சந்தபுரி மாகாணத்தின் பெயரால் ‘சென் சான்’ என்று விற்பது நல்ல கடிப்புத் தரும். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் கொதிநீரில் போட வேண்டாம். சாதாரணத் தண்ணீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறட்டும். ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றினால் ஒடியாமல் சுற்ற வேண்டும். கடித்தால் நடுவில் இன்னும் விறைப்பு இருக்க வேண்டும். மீதி வேக்காடு வாணலியில், சாற்றைக் குடித்தபடி நடக்கும்.

அந்தக் கட்டத்தைக் காதால் அறியலாம். சாறு விழுந்ததும் தண்ணீர் கொதிக்கும் சத்தம் எழும். இரண்டு மூன்று நிமிடத்தில் அது அடங்கி, எண்ணெயில் பொரியும் சத்தமாக மாறும். அப்போது ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் இரண்டு மேஜைக்கரண்டி தண்ணீர் தெளித்து மறுபடி புரட்டலாம். தண்ணீரைச் சேர்க்க முடியும், எடுக்க முடியாது என்பதால் முதலில் குறைவாக ஊற்றுவதே புத்திசாலித்தனம்.

இரண்டு பேருக்கு 130 கிராம் அளவில் உலர்ந்த நூடுல்ஸ், கெட்டிப் புளிக்கரைசல் 3 மேஜைக்கரண்டி, மீன் சாஸ் 2, தூள் செய்த வெல்லம் 3. இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு நாக்குக்கு ஏற்பச் சரிசெய்யுங்கள். புளிக்குப் புளி புளிப்பு மாறும். நம் மளிகைக் கடைப் புளியே போதும். ஆனால் கறுத்துப்போன பழைய புளி வேண்டாம், சாறு சேற்று நிறத்துக்குப் போய்விடும். அந்த ஆண்டின் புதுப்புளி பொருத்தமானது. பாட்டிலில் தார்போல் வரும் புளிச்சாறு பல மடங்கு அடர்த்தியானது. அதை இந்த அளவில் ஊற்றினால் தட்டையே தூக்கி எறிய நேரும்.

வெல்லத்துக்கு, பெட்சபுரியில் பனையிலிருந்தும் சமுத் சொங்கிராமில் தென்னையிலிருந்தும் காய்ச்சுகிறார்கள். இரண்டும் நம் கருப்பட்டியைவிட வெளிறிய நிறம், மென்மையான வாசனை. கருப்பட்டிதான் கையில் இருக்கிறது என்றால் பாதி அது, பாதி சர்க்கரை.

மறைந்திருக்கும் செலவு இனிதான் வருகிறது. உப்பிட்ட இனிப்பு முள்ளங்கி, காய்ந்த இறால், அழுத்திய டோஃபு, பூண்டு வாசனையுள்ள தாள், பாசிப்பயறு முளை, வேர்க்கடலை, எலுமிச்சை. முதல் முறை எல்லாவற்றையும் வாங்கினால் உணவகத்தில் சாப்பிடுவதைவிடச் செலவு கூடும். எதை விடலாம்? தாளுக்குப் பதில் வெங்காயத்தாள் சரிதான். காய்ந்த இறாலுக்குச் சென்னாக்குனி கைகொடுக்கும், மண் போக அலசினால் போதும். முள்ளங்கியை விட்டால் சிறிது நஷ்டம், ஆனால் தட்டு நிற்கும். புளியையும் மீன் சாஸையும் விட்டால் அது வேறு ஏதோ ஒரு நூடுல்ஸ். பயறு முளை நம் வீட்டில் சுண்டலுக்குக் கட்டுவதைப்போல் குட்டையாக இருக்கக் கூடாது. விரல் நீளத்துக்கு வளர்ந்ததுதான் கடிக்க நன்றாக இருக்கும்.

தயார் நிலை சாஸ் பாட்டில்கள் இந்தப் பட்டியலைச் சுருக்கும் என்பது உண்மை. நான் சுவைத்தவை பெரும்பாலும் வெல்லப்பாகு மாதிரி இனித்தன. எலுமிச்சை பிழிந்தும் மீளவில்லை. புளி கரைக்கத் தெரிந்த வீட்டுக்கு அந்தப் பாட்டில் எதற்கு?

பாங்காக்கில் தட்டோரத்தில் ஒரு கீற்று பச்சை வாழைப்பூவும், சில கடைகளில் வல்லாரை இலையும் வைப்பார்கள். இனிப்புக்கும் எண்ணெய்க்கும் நடுவே அந்தத் துவர்ப்பு நாக்கைத் துடைத்துவிடும். வாழைப்பூ கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு அதை விட்டுவிடுவது பாவம்.

## பாட் சீ யூ: பட்டியல் குட்டை, தீ அதிகம்

இங்கே கணக்கு தலைகீழ். சோயா சாஸ், கெட்டியான கறுப்புச் சோயா சாஸ், சிப்பி சாஸ், பூண்டு, முட்டை, கைலான் என்ற சீனக் கீரை, கொஞ்சம் இறைச்சி. அவ்வளவுதான். கைலான் இல்லாவிட்டால் ப்ரோக்கோலியின் தண்டைத் தோல் சீவி, சாய்வாக நறுக்கிப் போடலாம். பூவைவிடத் தண்டுதான் இங்கே நன்றாக இருக்கிறது.

எளிதாகத் தெரிகிறதா? இதன் ருசி முழுவதும் ஒரே ஒரு செயலில் இருக்கிறது: கறுப்புச் சோயா சாஸில் உள்ள இனிப்பு, சூடான இரும்பில் பட்டு நூடுல்ஸின் ஓரங்களில் கருகுவது. அது நடக்காவிட்டால் தட்டில் இருப்பது பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்ட உப்புப் பசை. பலர் முதல் முயற்சியிலேயே சலித்துப்போவது இந்த உணவில்தான் என்பது என் எண்ணம். அதற்கு அவர்களுடைய கைப்பக்குவம் காரணமல்ல.

அடுத்த தடை நூடுல்ஸ். இதற்கு வேண்டியது ‘சென் யாய்’ என்ற அகல நூடுல்ஸ், அதுவும் ஈரமானது. அரிசிமாவைத் தாளாக ஊற்றி, ஆவியில் வேகவைத்து, எண்ணெய் தடவி வெட்டியது. உலர்ந்த அகல நூடுல்ஸை வைத்துச் செய்யலாம் என்று பாக்கெட் சொல்லும். பாட் சீ யூவில் நூடுல்ஸ் குடிப்பதற்கு அதிகச் சாறு கிடையாது. ஆகவே முன்பே முழுதாக வேகவைக்க வேண்டும். வெந்தது ஈரமாக வரும், ஈரம் வந்தால் கருகாது. ஈர நூடுல்ஸை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலும் சிக்கல்தான். மாவுச்சத்து இறுகி, தொட்டாலே துண்டாகும். ஒருவேளை வைத்துவிட்டால், ஆவியிலோ மைக்ரோவேவிலோ சூடாக்கி, இளகியபின் கையால் ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகே வாணலிக்குப் போக வேண்டும்.

சில பேர் அரிசிமாவும் மரவள்ளி மாவும் கரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, இட்லிப் பாத்திரத்தில் அவித்து வீட்டிலேயே தாள் எடுக்கிறார்கள். ருசி அருமை. ஆனால் நான்கு பேருக்கு அவிப்பதற்குள் மாலை போய்விடும்.

கிடைத்த சூட்டைக் காப்பாற்ற ஒரே வழி, ஒரு தடவைக்கு ஒரே தட்டு. ஒருவருக்கு 200 கிராம் ஈர நூடுல்ஸ். கீரையையும் இறைச்சியையும் முட்டையையும் முதலில் வதக்கித் தனியே எடுத்துவிடுங்கள். வாணலி புகையும்வரை காயட்டும். நூடுல்ஸைப் பரப்பி, சாஸை ஊற்றி ஒரு பிரட்டு, பிறகு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அரை நிமிடமாவது தொடவே கூடாது. அடியில் கருக்கல் வாசனை வந்த பிறகு புரட்டி, இன்னொரு முறை அப்படியே விட்டு, எடுத்து வைத்ததைச் சேர்த்தால் முடிந்தது. கிளறிக்கொண்டே இருக்கப் பழகிய கைக்கு அந்த அரை நிமிடம் பெரும் சோதனை.

இதன் மறைமுகச் செலவு பணமல்ல, புகை. புகைபோக்கி இல்லாத அடுக்குமாடிச் சமையலறையில் கருகிய சோயா வாசனை மறுநாள் வரை துணிகளில் நிற்கும். அதோடு, நான்கு பேர் என்றால் நான்கு தடவை அடுப்பு. கடைசித் தட்டு வரும்போது முதல் தட்டுக்காரர் கை கழுவியிருப்பார்.

ஆனாலும் ஈர நூடுல்ஸ் பக்கத்தில் கிடைத்து, இரும்பு வாணலி இருந்து, சாப்பிடுபவர்கள் ஒருவரோ இருவரோ என்றால் நான் பாட் தாயைவிட இதைத்தான் செய்வேன். காரம் இல்லாததால் குழந்தைகளும் மறுக்க மாட்டார்கள்.

## பாட் கீ மாவ்: குறைகளை மன்னிப்பது

பாட் சீ யூவின் அதே சாஸ்கள், அதே அகல நூடுல்ஸ். கூடுதலாக இடித்த பூண்டு, மிளகாய், ஒரு கைப்பிடி இலை. சில சமையல்காரர்கள் பச்சை மிளகையும் கொத்தோடு போடுவார்கள். கருக்கல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் காரமும் இலை வாசனையும் அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆகவே உலர்ந்த நூடுல்ஸில் செய்தாலும் இது ஏமாற்றுவதில்லை. சாஸில் இரண்டு கரண்டி தண்ணீர் கூட்டிக்கொள்ளுங்கள், போதும்.

இலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் ‘கப்ராவ்’ என்று சொல்வது நம் துளசியின் இனமேதான். வளர்ப்பு வகை மட்டும் வேறு. நம் மாடத்துத் துளசியில் கிராம்பும் மருந்தும் கலந்த வாடை தூக்கலாக இருக்கும், அவர்களுடையதில் மிளகு வாசனை. பாதி அளவு போட்டால் சரியாக இருக்கும். பூசைக்கு வளர்த்த செடியில் இறைச்சிக்காகக் கை வைக்க மனம் வராதவர்கள் திருநீற்றுப் பச்சிலையைப் பயன்படுத்தலாம். தாய்லாந்தில் ‘ஹொரபா’ என்று விற்கும் இனிப்பு வாசனை இலைக்கு நெருங்கிய உறவு அது. தாய்லாந்துக்கு வெளியே உள்ள உணவகங்கள் பலவற்றில் அந்த ஹொரபாதான் இதில் விழுகிறது. எந்த இலையானாலும் அடுப்பை அணைத்தபின் போட்டு ஒரு முறை புரட்டினால் போதும்.

மிளகாய்க்குக் காந்தாரி, இலங்கையில் கொச்சிக்காய். பூண்டோடு சேர்த்து உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் விழுது தண்ணீர் விட்டு அடியில் பிடிக்கும். எண்ணெயில் அது விழுந்ததும் வீடே இருமும். சன்னலைத் திறந்துவைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த உணவே வேண்டாம்.

வேலை நாள் இரவுக்கு, மீந்த காய்களைத் தீர்ப்பதற்கு, உலர்ந்த நூடுல்ஸ் மட்டும் கிடைக்கும் ஊருக்கு இதுவே என் தேர்வு.

## ராட் நா: விருந்தாளிகள் வரும் நாளுக்கு

மேலே சொன்ன மூன்றும் ஆறு பேருக்குச் சமைக்கும்போது கைவிட்டுவிடும். ராட் நா கைவிடாது. நூடுல்ஸைக் கறுப்புச் சோயாவில் புரட்டி, இரண்டு மூன்று தடவையாகக் கருக்கி, முன்கூட்டியே தட்டுகளில் பரப்பிவிடலாம். குழம்பு தனிப் பாத்திரத்தில்: இறைச்சி வேகவைத்த நீர், புளிக்கவைத்த சோயா விழுது, சிப்பி சாஸ், கீரை, கடைசியில் கரைத்த மரவள்ளி மாவு. பரிமாறும்போது கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆறிய நூடுல்ஸ் உயிர்பெறும். நூடுல்ஸ் துண்டாகியிருந்தாலும் குழம்புக்கு அடியில் யார் பார்க்கப் போகிறார்கள்? அகல நூடுல்ஸ் இல்லாவிட்டால் மெல்லிய ‘சென் மீ’யிலும் செய்வார்கள். மேசையில் வினிகரில் ஊறிய மிளகாயும் வெள்ளை மிளகுத்தூளும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சப்பென்றிருக்கும்.

## ஒரே பார்வையில்

| | பாட் தாய் | பாட் சீ யூ | பாட் கீ மாவ் | ராட் நா |
|---|---|---|---|---|
| தீ | நடுத்தரம் | மிக அதிகம் | அதிகம், குறைந்தாலும் பாதகமில்லை | நூடுல்ஸுக்கு மட்டும் அதிகம் |
| நூடுல்ஸ் | உலர்ந்தது, 3–5 மி.மீ. | ஈரமான அகலம் | அகலம், உலர்ந்ததும் சரி | ஈரமான அகலம் அல்லது மெல்லியது |
| பொருள் பட்டியல் | நீளம் | குட்டை | குட்டை, இலை மட்டும் தேட வேண்டும் | நடுத்தரம் |
| ஒரு தடவைக்கு | 2 பேர் | 1 பேர் | 2 பேர் | குழம்பு 6 பேருக்கும் |
| மறைமுகச் செலவு | மீந்துபோகும் பொட்டலங்கள் | புகை, காத்திருப்பு | மிளகாய் நெடி | பாத்திரம் கழுவுதல் |
| கவனிக்க | வேர்க்கடலை, இறால் | சோயா சாஸில் கோதுமை | காரம், கோதுமை | கோதுமை |

## வாணலி பற்றி இரண்டு வார்த்தை

நான்ஸ்டிக் வாணலியின் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். பாட் தாய்க்கு அதில் தடையில்லை, ஒட்டாது என்பதால் வசதியும்கூட. பாட் சீ யூவுக்கு அதைக் காயவைத்துப் புகைய விடுவது ஆபத்து. எண்ணெய் பழக்கிய நம் இரும்பு வாணலியோ தோசைக்கல்லோ அந்த வேலைக்கு நன்றாகவே உதவும். இண்டக்ஷன் அடுப்பு என்றால் அடி தட்டையான இரும்புப் பாத்திரம் தேவை. குழிந்த வாணலியின் நடுப்பகுதி மட்டுமே சூடாகும்.

## சைவ வீடு என்றால்

மீன் சாஸ் என்பது நெத்திலி வகை மீனை உப்பில் ஒரு வருடத்துக்கு மேல் ஊறவைத்து வடித்த சாறு. அதை எடுத்துவிட்டால் பாட் தாய் அதிகம் இழக்கிறது. சோயா சாஸும் உப்பும் அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். உப்பிட்ட முள்ளங்கியை இரு மடங்காக்கினால் இன்னும் கொஞ்சம் தேறும். ‘ஜே’ என்ற மஞ்சள் அடையாளம் போட்ட கடைகளில் தாய்லாந்திலேயே சைவப் பாட் தாய் கிடைக்கிறது. அங்கே பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது.

சோயாவையே அடித்தளமாகக் கொண்ட பாட் சீ யூவும் பாட் கீ மாவும் சைவமாவதில் இழப்பது குறைவு. சிப்பி சாஸுக்குப் பதிலாகக் காளானில் செய்த சாஸ் அதே அலமாரியில் இருக்கும். இறைச்சிக்குப் பதில் டோஃபுவைப் போடுவதானால், அதைத் துணியில் சுற்றிக் கனம் வைத்து நீரைப் பிழிந்து, தனியே பொன்னிறமாகப் பொரித்துவைத்துக்கொள்ளுங்கள். நேராக வாணலியில் போட்டால் அது விடும் தண்ணீரே நூடுல்ஸைக் குழைத்துவிடும். காளானையும் அப்படியே தனியாக, நீர் வற்றும்வரை வதக்கியபின் சேர்க்க வேண்டும். திறந்த சிப்பி சாஸும் காளான் சாஸும் குளிர்பதனப் பெட்டிக்குப் போக வேண்டும். மீன் சாஸும் சோயா சாஸும் அலமாரியிலேயே இருக்கலாம்.